மார்ச் 9-க்கு அடுத்த வரி

காலில் கட்டுப் போட்டிருந்த ஆறு வாரத்தைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. இடது பாதத்தின் வெளி ஓரத்துச் சின்ன எலும்பில் முறிவு. நடக்க முடியாத நாட்களில் நடக்கவில்லை, அவ்வளவுதான். என்னைப் பிடுங்கித் தின்றது அதற்கு அப்புறம் வந்த மூன்றரை மாதம். கட்டைப் பிரித்தாயிற்று. டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மெதுவா நடக்க ஆரம்பிங்க, வலிச்சா நிறுத்திக்குங்க" என்று சொல்லியும் ஆயிற்று. வலியும் பெரிதாக இல்லை. ஆனாலும் நான் பழையபடி தொடர்ந்து நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு இப்போதுதான் எனக்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு முந்தைய வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்திருந்தது. 5.7-ஐத் தொட்டால் சர்க்கரை நோயின் வாசற்படி, 6.5-ஐத் தொட்டால் வீட்டுக்குள் வந்தாயிற்று என்று கணக்கு. என் அப்பா அந்த வாசலைத் தாண்டியவர். கடைசி வருடங்களில் அவர் பாதத்தில் ஆறாத புண்ணை நான்தான் சுத்தம் செய்து கட்டுவேன். அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் பதினைந்து நிமிட நடை, அப்புறம் அரை மணி நேரம், அப்புறம் நடையும் மெதுவான ஓட்டமுமாக நாற்பது நிமிடம். தட்டில் பாதி காய்கறி. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். பத்தரை மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 5.6. அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றினேன். அடுத்த மூன்றாவது வாரம்தான் படியில் கால் தவறியது.

கட்டுப் போட்டிருந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே வேலை. கை எட்டும் தூரத்தில் பிஸ்கட் டப்பா. பசிக்காக இல்லை, கை சும்மா இருக்க முடியாமல் சாப்பிட்டேன். இரவு பத்தரைக்கு போனைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டு, பதினொன்றரைக்கு மறுபடி ஏதாவது. கட்டு பிரிந்த பிறகும் அந்தப் பத்தரை மணித் தட்டு அப்படியே நின்றுவிட்டது. நாம் விட்ட நல்ல பழக்கம் நமக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிறோம். அது விட்டுப்போன இடத்தில் வேறொன்று வந்து குடியேறிவிடுகிறது.

மோட்டிவேஷன் இல்லை என்று சொல்வார்களே, எனக்கு அப்படியும் இல்லை. இரவு படுக்கும்போது என் மனதில் இருந்த வைராக்கியம் பொய்யில்லை. அப்பாவின் பாதம் கண்ணுக்கு முன்னால் வரும். நாளைக் காலை எழுந்துவிட வேண்டும் என்று உறுதியாக நினைப்பேன். ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது அதே மனதில் அந்த வைராக்கியத்தைத் தேட வேண்டியிருக்கும். அதன் இடத்தில் ஒரு கனம் இருக்கும். அந்தக் கனம் சோம்பல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது சோம்பல் இல்லை, வெட்கம் என்று நினைக்கிறேன். எவ்வளவு தூரம் வந்தவள், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேனே என்ற வெட்கம்.

நான்கு புது நோட்டுகள்

நடைக்கும் சாப்பாட்டுக்கும் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. அதில் கடைசி வரி மார்ச் 9. கட்டு பிரிந்த பிறகு அந்த நோட்டைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு, கோடு இழுத்து, தினம் நாற்பது நிமிடம், சர்க்கரை அறவே இல்லை, எட்டு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும் என்று எழுதினேன். அது நான்கு பக்கம் ஓடியது. அடுத்து இன்னொன்று, ஆறு பக்கம். மூன்றாவது மூன்று பக்கம். நான்காவதில் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. எல்லாமே திங்கட்கிழமையிலோ ஒன்றாம் தேதியிலோ தொடங்கியவை.

இந்தத் திங்கட்கிழமை ஆசை எனக்கு மட்டும் உள்ளதில்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புத்தாண்டு, பிறந்த நாளை ஒட்டிய நாட்கள் என இப்படிப்பட்ட நேரங்களில் டயட் பற்றி இணையத்தில் தேடுவதும் ஜிம்முக்குப் போவதும் கூடுகிறதாம். பழைய தவறெல்லாம் பழைய ஆளோடு போயிற்று, இன்று முதல் நான் வேறு ஆள் என்ற உணர்வு வருவதால் என்கிறார்கள். அது உண்மைதான். முதல் பக்கத்தில் கோடு இழுக்கும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வேறு ஆளுக்கு மறுநாள் காலை நடக்க இருந்தது என் கால்தான்.

முதல் நாள் நாற்பது நிமிடம் என்று கிளம்பி எட்டாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது கவனித்தேன். வலது காலில் எலாஸ்டிக் அழுத்தமாகத் தடம் பதித்திருந்தது. இடது காலில் அது கணுக்கால் வரை நழுவி இறங்கியிருந்தது. கட்டுக்குள் இருந்த ஆறு வாரத்தில் கெண்டைக்கால் சதை அவ்வளவு வற்றியிருக்கிறது. இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காலுக்கு நான் தர வேண்டியது பொறுமை. நோட்டில் எழுதியதோ "8 நிமிடம் மட்டும்". அந்த 'மட்டும்' என்ற சொல்லை இப்போது படித்தால் வலிக்கிறது.

சாப்பாட்டிலும் இதே கதை. சர்க்கரை அறவே இல்லை என்று எழுதிய மூன்றாம் நாள் ஆபீஸில் யாருக்கோ பிறந்த நாள், கையில் ஒரு துண்டு கேக். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நனைந்த பின் முக்காடு எதற்கு என்று அன்று மாலை, அன்று இரவு, அந்த வாரம் முழுவதும் போயிற்று. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் செய்த ஒரு சோதனையைப் படித்தபோது என்னையே பார்த்த மாதிரி இருந்தது. சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல், அப்புறம் எல்லாரையும் ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டி வைத்திருந்தவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு எப்படியும் உடைந்துவிட்டது, இனி எவ்வளவு என்றால் என்ன என்ற நினைப்பு. கேக் ஒரு துண்டுதான். மீதி வாரம் முழுவதும் நான் சாப்பிட்டது, அந்த நோட்டின் முதல் பக்கம் கெட்டுப்போன துக்கத்தில்.

"அது இன்னும் முடியலை"

ஆகஸ்ட் முதல் வாரம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் தேடிக்கொண்டு என் மேசை இழுப்பறையைக் குடைந்தவள், அந்தப் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, இதுல பாதிக்கு மேல காலியா இருக்கு. நான் எடுத்துக்கட்டுமா?"

யோசிக்காமல் சொன்னேன்: "வேண்டாம்டா, அது இன்னும் முடியலை."

"அப்புறம் ஏம்மா புதுசு புதுசா வாங்கறே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. புது நோட்டு ஒன்றை அவளிடம் கொடுத்து அனுப்பினேன். முதல் பக்கம் மட்டும் எழுதிய அந்த நான்காவது நோட்டைத்தான் கொடுத்தேன். அப்புறம் பழைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது இன்னும் முடியலை என்று சொன்னது யார் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்து மாதமாக எல்லாம் முடிந்துவிட்டது, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். என் நினைவில் அந்தப் பதினொரு மாதம் ஒரு நாள்கூட விடாமல் ஓடிய ஒரே கோடு. நோட்டில் அப்படி இல்லவே இல்லை. ஏப்ரல் 8 முதல் மார்ச் 9 வரை 336 நாள். வரிகளை விரல் வைத்து எண்ணினேன், 251. எண்பத்தைந்து நாள் நான் நடக்கவில்லை. ஜூன் 14-க்கு அப்புறம் நேராக ஜூன் 21. மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அது. அக்டோபரில் பதின்மூன்று நாள் ஒன்றுமே இல்லை, ஏன் என்றுகூட எழுதவில்லை. "பிஸ்கட் 6, இரவு 11 மணி" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி, "30 நிமி. காற்று நன்றாக இருந்தது." நான்கு நாளுக்கு மேல் விட்டுப்போன இடங்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வந்தது. ஒன்பது முறை விட்டு, ஒன்பது முறை திரும்பி வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதற்கு மறுதொடக்கம் என்று பெயர் வைக்கவில்லை. புது நோட்டு வாங்கவில்லை. சபதம் எடுக்கவில்லை. அடுத்த வரியை எழுதினேன், அவ்வளவுதான். அந்த 5.6, ஓட்டை விழுந்த இந்த நோட்டுக்குக் கிடைத்த எண்தான்.

நான் அன்று அழுதேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஐந்து மாதமாக என்னை நானே எதோடு ஒப்பிட்டுத் தண்டித்துக்கொண்டிருந்தேனோ, அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை.

இதே ஹெங்சென் டாய் 2018-ல் எழுதிய இன்னொரு ஆய்வை அப்புறம்தான் படித்தேன். அமெரிக்க பேஸ்பாலில் சீசன் நடுவே ஒரு லீகிலிருந்து மற்ற லீகுக்கு மாறும் வீரருக்கு, அந்த சீசனின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுவரை சரியாக ஆடாதவர்களுக்கு அந்தப் பூஜ்யம் உதவியிருக்கிறது, மாறிய பிறகு முன்னேறியிருக்கிறார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதே பூஜ்யம் இடைஞ்சலாகப் போய்விட்டது. முதன்முதலாக ஆரம்பிக்கிறவருக்குப் புது நோட்டு நல்லதுதான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒருமுறை வெகுதூரம் வந்து விழுந்தவர் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு பூஜ்யம் என்று எழுதும்போது, அவரிடம் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்தல்லவா தூக்கிப் போடுகிறார்!

உடம்பு தூக்கிப் போடாதது

இருப்பது என்று நான் சொல்வது மனத் தேறுதலுக்காக இல்லை. உடம்பில் நிஜமாகவே மிச்சம் இருக்கிறது. 2010-ல் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை கொடுக்கும்போது தசை நார்களுக்குள் புதிதாக உட்கருக்கள் (செல்லை இயக்கும் மையங்கள்) சேர்கின்றன. அப்புறம் அந்தத் தசையைச் செயலிழக்கச் செய்து வற்ற விட்டாலும், சேர்ந்த உட்கருக்கள் மாதக் கணக்கில் அங்கேயே இருந்திருக்கின்றன. மனிதருக்கும் அப்படியே என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் பழகிய உடம்பு புதிய உடம்பைவிடச் சீக்கிரம் திரும்புகிறது என்பது பயிற்சி கொடுப்பவர்கள் எல்லாரும் கண்ணால் பார்ப்பது.

என்னை அதைவிட அதிகம் தொட்டது டாலஸில் நடந்த ஆய்வு. 1966-ல் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருட வயது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்ததைவிடக் குறைவு. அப்புறம் ஆறு மாதம் நடை, மெதுஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், படுக்கைக்கு முன் இருபது வயதில் இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஐம்பது வயதில்! இதைப் படித்த இரவு நான் இரண்டு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். எட்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியதற்கு என் மனவலிமைக் குறைவு காரணமில்லை, அசையாமல் கிடந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அப்புறம், அது திரும்பி வரும்.

ஆகஸ்ட் 8 காலை பன்னிரண்டு நிமிடம் நடந்தேன். அன்று திங்கட்கிழமையா என்று நான் பார்க்கவில்லை. இன்னும் நடந்திருக்க முடியும், ஆனாலும் வேண்டுமென்றே நிறுத்தினேன். மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும், எலும்பும் தசைநாண்களும் மெதுவாகத்தான் பாரம் ஏற்கும். ஆர்வத்தில் கூட்டிவிட்டு மறுபடி காயப்படுகிறவர்கள் நிறைய என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பன்னிரண்டு நிமிடம் ஒரு கணக்கா என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் திறந்தேன். மார்ச் 9-க்கும் இன்றைக்கும் நடுவே 151 நாள். ஒரு பக்கம் காலியாக விடலாமா, கோடு இழுக்கலாமா என்று பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் நேராக அடுத்த வரியில் எழுதினேன். "ஆகஸ்ட் 8. 12 நிமி. இடது பாதம் சரி." மார்ச் 9 வரியின் மை கொஞ்சம் மங்கியிருந்தது, அதைத் தவிர இரண்டு வரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாப்பாட்டை அன்று தொடவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யும் ஆசையைத்தான் முதலில் விட வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து அந்தப் பத்தரை மணித் தட்டுக்கு வந்தேன். அதைத் தடுக்கவில்லை, எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மதியம் அவசரமாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன், மாலையில் டீயோடு சரி, அதனால் இரவு உடம்பு கேட்கிறது. மதியத் தட்டில் பருப்பையும் காயையும் கூட்டினேன். போனைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். பத்தரை மணித் தட்டு வாரத்தில் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது. மூன்று இன்னும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன், 'மட்டும்' போடாமல், 'ஐயோ' போடாமல்.

காலை ஐந்தரைக்கு வரும் அந்தக் கனம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் சில நாள் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், முன்பு அது போன பிறகு எழலாம் என்று காத்திருப்பேன். இப்போது அதையும் கூட்டிக்கொண்டு வாசல் வரை போகிறேன். தெருமுனையில் திரும்பும்போது பெரும்பாலும் அது இருப்பதில்லை. உற்சாகம் நடந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு வருகிறது, அதற்கு முன் கூப்பிட்டால் வருவதில்லை. (வாரக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை, தூக்கமும் கெட்டுவிட்டது என்றால் அது வேறு. அதற்கு நடையோடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.)

செப்டம்பரில் எனக்கே காய்ச்சல். ஒன்பது நாள் படுத்துவிட்டேன். ஏழாவது நாள் பழைய வெட்கம் எட்டிப் பார்த்தது, பார் மறுபடியும் என்று. அந்தச் சமயத்தில் எனக்குக் கை கொடுத்தது 2021-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு. கேத்தரின் மில்க்மனும் வேறு பல ஆய்வாளர்களும் சேர்ந்து, அமெரிக்காவில் ஜிம் உறுப்பினர்கள் 61,000 பேருக்கு மேல் வைத்து, அவர்களை அடிக்கடி வரவைக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் முன்னால் நின்றது, ஒரு நாள் வராமல் விட்டவர் திரும்பி வந்தால் அதற்கென்று தந்த மிகச் சிறிய கூடுதல் பரிசு. பரிசு கிடைத்தது, விடாமல் வந்ததற்காக இல்லை, விட்ட பிறகு வந்ததற்காக. இதைப் படித்த பிறகு நோட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். விட்டுப்போன நாட்களுக்கு எந்தக் குறியும் இல்லை. விட்ட பிறகு வரும் முதல் வரிக்குப் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் ஒரு புள்ளி. பழைய ஒன்பது இடங்களுக்கும் தேடிப்போய் வைத்தேன். ஆகஸ்ட் 8-க்கு ஒன்று. காய்ச்சலுக்கு அப்புறம் ஒன்று. மொத்தம் பதினொன்று.

ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு நாள் பயந்து போகாமலே இருந்தேன். அந்த எண் கடைசி இரண்டு மூன்று மாதத்தின் சராசரி என்பதால், இன்னும் கொஞ்சம் நல்ல நாள் சேரட்டும் என்று தள்ளிப் போட்டேன். அதுவும் அந்த வெட்கத்தின் வேலைதான். வருகிற வியாழக்கிழமை வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். என்ன எண் வந்தாலும் அதற்கு நோட்டில் இடம் இருக்கிறது. இன்றைக்கு எழுதியது: "31 நிமி. இடது காலில் லேசான இறுக்கம். இரவு 8.20-க்குச் சாப்பிட்டாச்சு."